சேரப்பணஞ்சேரி தாண்டும்போது

எங்கள் கம்பெனி வாசலிலேயே கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஷிப்ட் முடிகிற வரை வெளியுலகத்தில் என்ன நடந்தாலும் நமக்குத் தெரியாது. கேசவன் அண்ணாச்சி இறந்த செய்தியும் அப்படித்தான் காலையிலிருந்து அந்த இரும்புப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. நான் லைனில் நின்று வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, சரி, சரி என்று குறி போட்டுக்கொண்டிருந்தேன். மதியம் வெளியே வந்து பார்த்தால் நம் தங்கராசுவிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"கம்பெனி பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தாராம்மா. நெஞ்சைப் புடிச்சிக்கினு அப்டியே பிளாட்பாரத்துல உக்காந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ளயே முடிஞ்சிபோச்சி," என்றார்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். "சொல்லுதேன் சொல்லுதேன்னு சொல்லிட்டு, சொல்லாமப் போயிட்டீகளே அண்ணாச்சி" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். வாசல் செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். கேசவன் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். அதைத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஆளும் அவர்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். அது என்னவென்று நம் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

படப்பையில் டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதை படிக்கக் கூடுகிற நமக்கெல்லாம் அவரைத் தெரியும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க உட்கார்ந்து, ஒரு பொட்டலம் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே கதை கேட்பார். வாசிக்கிறவரின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். முதல் நாள் நான் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதும் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிருக்கேன், அண்ணாச்சின்ற?"

"எங்க ஊர்ப் பக்கம் மரியாதையாக் கூப்பிட்டா அப்படித்தான் கூப்பிடுவோம்" என்றேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். "சரி, அரை கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கினு போ" என்று சொல்லிக் கடலையை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு கடைசி வரை அவர் எனக்கு அண்ணாச்சிதான்.

அவர் ஓரகடத்தில் ஒரு பெரிய கம்பெனியின் டைம் ஆபீஸில் இருந்தார். வருகைப்பதிவு, அடையாள அட்டை, ஓவர்டைம் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அட்டைக்காகப் படம் எடுப்பதும் அவர்தான். "ஊர் ஊரா வர்றாங்க, வேற வேற பேரு. ஆனா போட்டோல எல்லாரும் ஒரே ஆளுதாம்மா. பயந்துபோன ஒரு ஆளு" என்பார். கதையைப் பற்றியும் அந்த மேசையிலிருந்துதான் பேசுவார். ஒருமுறை தங்கராசு, தன் வாழ்க்கையில் நடந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக்கொண்டு வந்து படித்தார். கேட்டு முடித்துவிட்டு கேசவன் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "இது அட்டெண்டன்ஸ் எடுத்த மாதிரி கீது தங்கராசு. யாரு வந்தான், யாரு வரலன்னு. கதைன்னா வராதவனும் வந்து நிக்கணும்."

வராதவள் ஒருத்தி எனக்கு இருந்தாள். என் அக்கா பேச்சியம்மாள்.

நாங்கள் இரண்டு பேரும் வேலைக்கென்று வந்து படப்பையில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறையில் இருந்தோம். அவள் ஒரு கம்பெனி, நான் ஒரு கம்பெனி. இருவருக்கும் ஒரே பாய், ஒரே தலையணை. அவளுக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரங்களில் எனக்குக் காலை ஷிப்ட் வந்துவிடும். நான் எழுந்து போன பாயில் அவள் வந்து படுப்பாள். அந்த வாரங்களில் ஓர் அறையில் இருந்தும் முகம் பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாயிற்று. காலையில் நான் போகிற பஸ்ஸும் அவள் திரும்புகிற பஸ்ஸும் சேரப்பணஞ்சேரி அருகில் ஒன்றையொன்று கடக்கும். அப்போது சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்ததால் இரண்டும் அங்கே ஊர்ந்துதான் போகும். யார் விழித்திருக்கிறோமோ அவள் கை காட்ட வேண்டும். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எல்லோரும் தூங்கிவிடுவோம். அதனால் சில நாள் அவள் காட்டுவாள், சில நாள் நான். இரண்டு பேரும் தூங்கிவிட்ட நாட்களும் உண்டு.

ஒரு நாள் நான் லைனில் இருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் முற்றி, பக்கத்து அறைப் பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. நினைவு திரும்பாமலே போய்விட்டாள். அன்று காலையில் பஸ்கள் கடந்ததுதான் நாங்கள் கடைசியாக எதிரெதிரே வந்தது.

சில வருஷம் கழித்து ஒரு கூட்டம் முடிந்து படியிறங்கும்போது இதைக் கேசவனிடம் சொன்னேன். நடந்ததை நடந்தபடி, யாரிடமும் சொல்லாததை. தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கடைசியில் "எழுதிக்கவா?" என்றார். அவர் யார் கதையையும் கேட்காமல் எடுத்ததில்லை, அதை நான் எங்கும் சொல்வேன். "எழுதுங்க அண்ணாச்சி" என்றேன்.

'எதிர் பஸ்' வந்த பத்திரிகையை நாம் கைமாற்றிக் கைமாற்றிக் கிழித்துவிட்டோம். கதையில் அக்காவின் பெயர் மல்லிகா. நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவள் ஜன்னல் வழியே கையை நீட்டி ஆட்டுகிறாள். எதிர் பஸ்ஸில் தங்கை வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். அக்கா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், பஸ்ஸிலிருக்கும் மற்ற பெண்களும் சேர்ந்து கூப்பிடுகிறார்கள். தங்கை எழுந்திருப்பதில்லை. பஸ்கள் விலகிய பிறகும் அந்தக் கை வெளியே நீட்டியபடியே போவதோடு கதை முடிகிறது. மாடியில் அதைப் படிக்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தீர்கள். நானும் படித்தேன். நீங்கள் அழுதீர்கள். பிறகும் இரண்டு மூன்று இடங்களில் படித்தேன். நல்ல கதை. இன்றைக்கும் அதை நல்ல கதை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அது எனக்குள் என்ன செய்திருக்கிறது என்று தெரிந்தது அக்காவின் திதியன்று. அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். படையலுக்கு என்ன வைத்தாய் என்று கேட்கிற வாக்கில், "மல்லிகாவுக்குப் பிடிக்குமே, பணியாரம் சுட்டியாம்மா?" என்றேன்.

"யாருட்டி மல்லிகா?"

"பேச்சியத்தாம்மா சொன்னேன்."

"பெத்தவளுக்கே தெரியாத பேரா வச்சிருக்கியேட்டி" என்று சொல்லிவிட்டு அம்மா வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பார்த்தேன். சேரப்பணஞ்சேரி வந்தது. செம்மண் குவியல் வந்தது, பஸ் வந்தது, ஜன்னலில் ஒரு கை வந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். தூங்குகிற என்னை நானே வெளியிலிருந்து பார்க்கிறேன். தூங்குகிறவளுக்கு அந்தக் கை எப்படித் தெரியும் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. இது என் ஞாபகம் இல்லை, கதை. சரி, அப்படியானால் அதற்கு அடியில் என்னுடையது எங்கே என்று தேடினேன். அங்கே ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அன்றைக்கு அவள் கை காட்டி, நான் தூங்கிவிட்டேனா? அவர் உள்ளதைத்தான் எழுதினாரா? எத்தனை யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் கம்பெனி பஸ்ஸில் தூங்கியதில்லை. எல்லோரும் தலை தொங்கக் கிடக்கும்போது நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டு போவேன். சாலை எப்போதோ அகலமாகிவிட்டது, எந்த பஸ்ஸும் அங்கே ஊர்வதில்லை. ஜன்னல்கள் சர்ரென்று போகும். ஆனாலும் எங்காவது ஒரு கை தெரிந்துவிடும். கூந்தலை ஒதுக்குகிற கை, திரையை இழுத்துவிடுகிற கை. ஒவ்வொரு முறையும் அந்த பஸ் மறைகிற வரை திரும்பிப் பார்ப்பேன்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் ஓரகடம் சந்திப்பு டீக்கடையில் கேசவனைப் பிடித்தேன். புதுக் கார்களை மேலும் கீழுமாக அடுக்கிய நீள லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, அன்னைக்கு பஸ்ல தூங்குனது யாரு? நானா, பேச்சியா?"

சிரித்தார். "இன்னாம்மா, உன் கதையை என்கிட்ட கேக்கற?"

"நான் ஒங்ககிட்ட மொதல்ல எப்படிச் சொன்னேன்? எனக்கு ஞாபகம் இல்ல அண்ணாச்சி. நெசமாவே இல்ல."

என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான். நெற்றியைத் தேய்த்தார், எழுந்து நின்றார், திரும்ப உட்கார்ந்தார். டீ ஆடை கட்டிப் போயிற்று.

"எழுதினதுதாம்மா நிக்குது. அதுக்கு முன்னாடி இன்னா சொன்ன நீ... வரமாட்டேங்குதே. எனக்கும் வரமாட்டேங்குதே."

ஸ்ரீபெரும்புதூரில் அவர்கள் பரம்பரையாகக் கோயிலில் சேவை செய்கிற குடும்பம். உற்சவத்தில் சுவாமி புறப்பாட்டுக்குத் தோள் கொடுப்பவர்கள். கேசவனும் வருஷம் தவறாமல் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுப்பார். அன்று டீக்கடையில் அந்தத் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார்: "தூக்கறவனுக்கு சாமி மூஞ்சி தெரியாதும்மா. எதிர்ல நிக்கறவங்கதான் பாக்கறாங்க. உன் அக்காளையும் அப்டித்தான் தூக்கிக்கினு போயிருக்கேன் போல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாபகம் வந்தா மொதல்ல உனுக்குத்தான் சொல்லுவேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் நெடுநாள் எழுதவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்களும் நல்ல கண் டாக்டர் யார் என்று விசாரித்துச் சொன்னீர்கள். அவர் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் நான் படியேறி வந்ததும் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவாரே, நீங்கள் அதை வணக்கம் என்று நினைத்திருப்பீர்கள். இன்னும் வரவில்லை என்று சொல்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும்.

ஆகவேதான் அந்தக் கோபம். இனிமேல் அந்தத் தலையாட்டலும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த ஞாயிற்றுக்கிழமை தங்கராசுவும் நானும் அவர் வீட்டுக்குப் போனோம். கோயிலுக்குப் பின்னால் ஒடுங்கிய தெரு. அவர் மனைவி தேவகி அம்மாவை நாம் யாரும் அதிகம் பார்த்ததில்லை, அவர்கள் கூட்டத்துக்கு வந்ததே இல்லை. கூடத்தில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அந்த அடையாள அட்டைப் படம்தான். ஊரில் எல்லோரையும் பயந்த முகமாகப் படம் எடுத்தவர், தன் படத்திலும் பயந்துதான் இருந்தார்.

அந்த அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தங்கராசுவை உற்றுப் பார்த்தார்கள். "நீங்க ஆடு தொலைச்சவரு தானே?"

தங்கராசுவுக்குப் புரையேறிவிட்டது. "ஆமாங்க. சின்ன வயசுல. ஆனா அவரு கதையில அது சைக்கிள் ஆச்சே. நானே இப்ப எங்க பசங்களுக்கு சைக்கிள் தொலைச்சேன்னுதான் சொல்லிக்கினு கீறேன்."

"சைக்கிளா? கதையில இன்னா எழுதினாரோ எனக்குத் தெரியாதுங்க. நான் ஒன்னு கூட படிச்சதில்ல."

நாங்கள் இருவரும் அவர்களைப் பார்த்தோம். வருத்தமாகவோ பெருமையாகவோ சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார்கள். "யார்னா எதுனா சொன்னாங்கன்னா, வூட்டுக்கு வந்து சாப்பிடும்போது ஆளு அடையாளத்தோட ஒன்னு வுடாம சொல்லிடுவாரு. அப்புறம் அதையே எதுக்கு இன்னொரு தபா படிக்கணும்?"

பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க பஸ் பொண்ணு."

கேட்கவும் பயம், கேட்காமல் எழுந்து போகவும் முடியாது. "அவரு வந்து ஒங்ககிட்ட என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"உங்க அக்கா எதிர் பஸ்ஸுல தூங்கிக்கினு போனாங்களாமே. ஜன்னல் கண்ணாடியில தலை இடிக்கக் கூடாதுன்னு துப்பட்டாவ மடிச்சி வெச்சிக்கினு. பச்சைத் துப்பட்டா, உங்களுதாம். நீங்க கை காட்டிக்கினே எழுந்து நின்னுட்டீங்களாம். அப்புறம், பாவம் தூங்கறாளேன்னு கையை இறக்கிட்டேன்னு சொன்னீங்களாம். பகல்ல அந்த ஷீட்டு வூட்டுல கண்ணை மூடவே முடியாது, இங்கயாவது தூங்கட்டும்னு உங்களுக்கு சந்தோஷமா இருந்துச்சாமே." காபி டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்கள்: "அதைச் சொல்லிட்டு அன்னிக்கு அவரு சோத்தைத் துண்ணாமலே எழுந்துட்டாரு. எழுதும்போது மாத்திட்டேன்னு இன்னொரு நாளு சொன்னாரு. எப்டி மாத்தினீங்கன்னு நான் கேக்கல."

பச்சைத் துப்பட்டா. கதையில் துப்பட்டாவே கிடையாது. முந்தின நாள் மழையில் அவளுடையது காயவில்லை, என்னுடையதை எடுத்துக்கொண்டு போனாள். போகும்போது "ஏட்டி, ஒன்னோடத எடுத்துக்கிட்டேன், வையாத" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். இதெல்லாம் எங்கே கிடந்தது இத்தனை வருஷம்? அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பேச்சிக்காக அழுதேனா, அண்ணாச்சிக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தங்கராசு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

"இத மறந்துட்டுத்தாம்மா நான் தவிச்சேன். அவரும் தவிச்சாரு" என்றேன்.

"அவரா? என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே" என்றார்கள் தேவகி அம்மா. "வூட்டுலதானே இருந்தேன்."

இதுதான் என்னால் தாங்க முடியாதது. ஊரில் எல்லோர் கதையையும் கேட்டுக் கேட்டு எழுதியவர், அவற்றையெல்லாம் ஒவ்வொரு வேளையும் எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் ஒப்படைத்தவர், அதைத் திரும்பக் கேட்கலாம் என்று மட்டும் நினைக்கவே இல்லை. நானும் நினைக்கவில்லை. கதையை எழுதியவரிடம்தான் கதையின் மூலமும் இருக்கும் என்று இரண்டு பேரும் முட்டாள்தனமாக நம்பினோம். நம்மில் யாருக்காவது கேசவன் எழுதியதிலிருந்து தன் பழைய வாழ்க்கையைப் பிரித்தெடுக்க முடியவில்லை என்றால், அந்தத் தெருவுக்குப் போய்க் கேளுங்கள். காபி தருவார்கள். உங்களை உங்கள் பெயரால் தெரிந்திருக்காது, ஆனால் உங்களைத் தெரிந்திருக்கும்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அக்கா அன்றைக்குத் தூங்கினாளா, காய்ச்சலில் மயங்கிச் சரிந்திருந்தாளா? தூங்கட்டும் என்று நான் சந்தோஷப்பட்ட அந்த நேரத்தில் அவள் எங்கே போய்க்கொண்டிருந்தாள்? அது தேவகி அம்மாவுக்கும் தெரியாது. கண்ணை மூடினால் இப்போதும் மல்லிகாவின் கைதான் முதலில் வருகிறது. அண்ணாச்சி அவ்வளவு நன்றாக எழுதிவிட்டார். அவளை விரட்ட நான் முயலவில்லை. அவளுக்குப் பின்னால் கொஞ்சம் பொறுத்து, கண்ணாடியில் சாய்ந்த ஒரு தலை வருகிறது. இரண்டு பேரும் அந்தச் சாலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுநாள் எனக்குக் காலை ஷிப்ட். ஜன்னலோர இடம் கிடைத்தது. துப்பட்டாவை மடித்துக் கண்ணாடியில் வைத்துத் தலையைச் சாய்த்தேன். கண் விழித்தபோது பஸ் கம்பெனி வாசலில் நின்றிருந்தது, பக்கத்திலிருந்த பெண் என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தாள். கேசவன் அண்ணாச்சி என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுபோய், தனக்கே தெரியாமல் தன் வீட்டில் எனக்காக வைத்துவிட்டுப் போனது இந்தத் தூக்கம். அவர் நினைவாக என்னிடம் இருப்பதும் இதுதான். சேரப்பணஞ்சேரி தாண்டும்போது எதிர் பஸ்ஸிலிருந்து யாராவது கை காட்டியிருக்கலாம். காட்டிவிட்டு, பாவம் தூங்கட்டும் என்று கையை இறக்கியிருப்பார்கள்.